சூரண டப்பாவில் நான் எழுதிய வரி

தினேஷ்,

போனில் பேசினால் நீ பாதியிலேயே "ம்மா, நான் சொல்றத மொதல்ல கேளு" என்று ஆரம்பித்துவிடுகிறாய். எனக்கும் கோபம் வந்து பட்டென்று வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆனது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். அதற்குள் மூன்று முறை எழுந்தாயிற்று. ஒரு முறை அடுப்பில் பால் பொங்குகிறதோ என்று ஓடினேன், பார்த்தால் பாலே இன்னும் வாங்கவில்லை. ஒரு முறை கடைச் சாவி எங்கே என்று தேடினேன், அது என் இடுப்பிலேயே இருந்தது. மூன்றாவது முறை எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, கூடத்தில் நின்று மின்விசிறியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். உன் அப்பா பேப்பரை இறக்கிவிட்டு, "இன்னாம்மே எழுதினுகீற காலைலேர்ந்து, உயிலா?" என்றார். "ஆமா, உன் பேர்ல ஒண்ணும் இல்ல" என்றேன். சிரித்தார். ரிட்டையரான மனுஷனுக்குச் சிரிப்பு சீக்கிரம் வருகிறது. பதினொரு மணிக்கு நான் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

நீ ஓசூருக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. இங்கே நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். அந்தப் பாதியையும் நான் எனக்கு வசதியாகத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது முழுவதையும் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஜெயபால் நம் டிடிபி கடைக்கு முதலில் வந்தது ஒரு விசிட்டிங் கார்டு போட. பாரிவாக்கத்தில் தண்ணீர் கேன் கம்பெனிக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்து மூலிகை மருந்து செய்கிறேன் என்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பேச்சில் தேன். நான் கார்டில் இரண்டு வரி சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நீங்க டிடிபி போட வேண்டியவங்களே இல்ல, டீச்சரா இருக்க வேண்டியவங்க" என்றார். உனக்குத் தெரியும், எனக்குத் தமிழ் டீச்சராக வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்று. என் அப்பா டைப்ரைட்டிங் போதும் என்று நிறுத்திவிட்டார். முப்பது வருஷம் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துக் கொடுத்தவளை ஒருத்தர் டீச்சர் என்று கூப்பிட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்கு டீச்சர். அவர் வந்தால் பக்கத்து டீக்கடையில் ஸ்ட்ராங்காக ஒரு டீ சொல்லுவேன். உன் அப்பா கடைக்கு வந்தால்கூட நான் டீ சொன்னதில்லை.

ஒரு நாள் அவர் ஒரு மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார். சர்க்கரைக்குச் சூரணம் போடுகிறேன், டப்பாவுக்கு லேபிள் வேண்டும் என்றார். மருந்துக்குச் 'சுகவேந்தன்' என்று பெயர் வைத்ததே நான்தான். அவர் எழுதிக் கொடுத்த மேட்டரில், ஒரே மாதத்தில் சர்க்கரை நோய் வேரோடு போகும், இதைச் சாப்பிட ஆரம்பித்ததும் இங்கிலீஷ் மாத்திரைகளை உடனே நிறுத்திவிடவும் என்று இருந்தது. எனக்குப் பகீர் என்றது. "இன்னாண்ணே, மாத்திரைய நிறுத்த சொல்றீங்க? எவனுக்கானா ஏதானா ஆயிடுச்சின்னா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப நீங்களே பாத்து ஒண்ணு போடுங்க டீச்சர், நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார். நான் அந்த வரியை எடுத்துவிட்டு, "மற்ற மருந்துகளுடன் சேர்த்தும் சாப்பிடலாம். பக்க விளைவு அறவே இல்லாதது" என்று அடித்தேன். அடித்துவிட்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். ஒரு பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்டதாக எனக்கு அவ்வளவு திருப்தி. அவர் புரூஃப் பார்த்து, தலையை ஆட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னும் கேள். டிடிபியில் யாரும் லேபிளைப் புதிதாக வரைவதில்லை. பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, வேறு பெயரில் சேவ் செய்து, எழுத்தை மாற்றுவோம். நான் திறந்தது எப்போதோ ஒரு கூந்தல் தைலத்துக்குப் போட்ட லேபிள். பெயரை மாற்றினேன், படத்தை மாற்றினேன், கீழே அந்தத் தைலக்காரரின் லைசென்ஸ் நம்பர் அப்படியே நின்றது. நான் கவனிக்காமல் விடவில்லை. கேட்டேன். "அப்ளை பண்ணிகீறேன் டீச்சர், வந்ததும் மாத்திக்கலாம், இப்போதிக்கு கெடக்கட்டும்" என்றார். கிடக்கட்டும் என்று நானும் விட்டேன். பேட்ச் நம்பர் இன்னா போடறது என்று கேட்டதற்கு, "எதுனா ராசியான நம்பரா போடுங்க" என்றார். நான் உன் பிறந்த தேதியைப் போட்டேன், தினேஷ். நீ பிறந்த பிறகுதான் நமக்குச் சொந்தக் கடை வந்தது, அதனால் ராசி என்று போட்டேன். நாலு தடவை அச்சடித்தோம், நாலு தடவையும் அதே நம்பர்தான். அந்தச் சூரணம் போன வீட்டுக்கெல்லாம் உன் பிறந்த நாளும் போயிருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு இத்தனை நாள் வாய் வரவில்லை.

நாலாவது தடவை அச்சான அன்று ஜெயபால் எனக்கு இரண்டு டப்பா இனாமாகக் கொடுத்தார். நமக்குச் சர்க்கரை இல்லை. பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவுக்கு இருக்கிறது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் மாசா மாசம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவள். எடுத்துக்கொண்டு நேராக அவளிடம் போனேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "எனக்கு இந்த சூரணம் கீரணம்லாம் வோணாம்டி" என்றாள். "இத பாரு, மாத்திரையோட சேத்தே சாப்டலாம்னு போட்டுகீது" என்று லேபிளைத் திருப்பிக் காட்டிப் படித்தேன். நான் எழுதிய வரியை நானே சாட்சியாக எடுத்துப் படித்திருக்கிறேன், பார். அச்சில் வந்ததும் அது யாரோ விஷயம் தெரிந்தவர்கள் சொன்னது போல எனக்கே ஆகிவிட்டது. "நீ போட்ட லேபிளா? அத சொல்லு மொதல்ல" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

மல்லிகா அக்கா யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் கடையை மூடும் வரை நீ அவள் வீட்டில்தான் கிடப்பாய். அந்தப் பட்டு ஜாக்கெட் துணி விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்தாய். யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு வெட்டுவதற்கு வைத்திருந்த பட்டுத் துணியை, கொடி செய்கிறேன் என்று கத்தரிக்கோலால் நடுவே வெட்டிவிட்டாய். அந்தப் பெண்ணின் அம்மா வந்து தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். மல்லிகா அக்கா, "என் கைதான் தவறிப்போச்சு, மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லி அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டாள். நான் அப்போது அங்கேதான் நின்றிருந்தேன். என் பிள்ளைதான் வெட்டினான் என்று என் வாயிலிருந்து வரவில்லை. வீட்டுக்கு வந்து உன் காதைத் திருகி, "யார் கேட்டாலும் நீ வெட்டினேன்னு சொல்லாத, புரிதா?" என்றேன். நீ அழுதுகொண்டே தலையை ஆட்டினாய். ஒரு தப்பு செய்தால் யாராவது ஒருத்தர் தலையில் அது போய் உட்காரட்டும், நாம் வாயை மூடிக்கொள்ளலாம் என்று உனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது நான்தான். அந்தப் பாடத்தை மட்டும் நீ மறக்கவே இல்லை.

சூரணம் சாப்பிட ஆரம்பித்துப் பத்து நாள் இருக்கும். ஒரு நாள் பதினொரு மணி ஆகியும் அவள் கதவு திறக்கவில்லை. மிஷின் லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. உன் அப்பா சுவர் ஏறிக் குதித்துப் பின்கதவைத் திறந்தார். தரையில் கிடந்தாள், உடம்பெல்லாம் தண்ணீராய் வேர்த்திருந்தது, பல் கிட்டியிருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே ஒரு சின்னப் பையன் டாக்டர், "வேற என்ன சாப்பிட்டாங்க, எல்லாத்தையும் கொண்டாங்க" என்றார். திரும்பி ஓடிப்போய் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். திறந்து பார்த்தார், பிறகு திருப்பி லேபிளைப் படித்தார். "மற்ற மருந்துகளுடன் சேர்த்தும் சாப்பிடலாம்" என்று சத்தமாகவே படித்துவிட்டு, "எவன் எழுதினான் இதை?" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுகிறவளிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

டப்பாவுக்குள் நாவல் கொட்டையும் ஆவாரம்பூவும் இருந்தது உண்மைதான். கூடவே சர்க்கரை மாத்திரையையே பொடி பண்ணிக் கலந்திருக்கிறார். சாப்பிட்டால் அளவு இறங்கும் இல்லையா, ஜனங்கள் மூலிகையின் மகிமை என்று நினைப்பார்கள். மல்லிகா அக்கா ஆஸ்பத்திரி மாத்திரையையும் போட்டு, இதையும் சாப்பிட்டிருக்கிறாள். இரண்டும் சேர்ந்து சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மூளையைத் தாக்கிவிட்டது. உயிர் பிழைத்தாள். ஆனால் முன்னே இருந்த மல்லிகா அக்கா திரும்பி வரவில்லை. தெருவில் யாருக்கு என்ன ஜாக்கெட் அளவு என்று நோட்டைப் பார்க்காமல் சொல்லுவாளே, இப்போது ஊசியில் நூல் கோத்துவிட்டு எதற்குக் கோத்தோம் என்று உட்கார்ந்திருக்கிறாள். அவள் மகள் செல்வி அரக்கோணத்திலிருந்து வந்து கூடவே இருக்கிறாள். உன்னிடம் போனில், "சுகர் லோ ஆயிடுச்சாம், இப்ப பரவால்ல" என்று சொன்னேன் அல்லவா? அது பொய்.

அந்த டாக்டர்தான் டப்பாவை மேலே அனுப்பியிருக்கிறார். மருந்து ஆய்வாளர்கள் பாரிவாக்கத்துக்கு வந்து இரண்டு அறையையும் சோதனை போட்டார்கள். பரிசோதனைக்கு அனுப்பச் சூரணத்தைப் பங்கு பிரித்து அரக்கு வைத்து எடுத்தார்கள், மூலிகை மூட்டைகளுக்குப் பின்னால் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக மாத்திரை இருந்ததாம். அறைக்குச் சீல் வைத்தாயிற்று. அப்புறம் நம் கடைக்கு வந்தார்கள். கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார்கள், லேபிள் ஃபைலையும் மிச்சமிருந்த ஸ்டிக்கர் ஷீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றமாம், அதற்கென்று ஒரு சட்டமே இருக்கிறதாம். நான் இத்தனை வருஷம் அச்சுத் தொழிலில் இருந்து அதைக் கேள்விப்பட்டதில்லை. ஜெயபால் அவர்களிடம், "நான் மருந்து செய்யறவன் சார், எழுதறதெல்லாம் அந்த அம்மா. அவங்கதான் சேத்து சாப்டலாம்னு போட்டாங்க" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார். இப்போது என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் காலண்டர் தாள் என்னிடம் இருக்கிறது. கடையில் வந்த மேட்டரை நான் தூக்கிப் போடுவதில்லை, கம்பியில் குத்தி வைப்பேன். நாளைக்கு எவனாவது "நான் இப்படி எழுதிக் குடுக்கலயே" என்று சண்டைக்கு வந்தால் எடுத்துக் காட்டத்தான். அதை எடுத்துக் காட்டினால் ஜெயபால் தப்ப முடியாது, நோய் வேரோடு போகும் என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது, மாத்திரையை நிறுத்தச் சொன்னதும் இருக்கிறது. ஆனால் சேர்த்துச் சாப்பிடலாம் என்கிற வரி அதில் இல்லை. அது என்னுடையது என்பதற்கும் அதே தாள்தான் சாட்சி. அவரைப் பிடித்துக் கொடுத்தால் நானும் மாட்டிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் இதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். நீ முழுதாகக் கேட்கவே இல்லை. "நீ டைப் பண்றவ, குடுத்தத டைப் பண்ணேன்னு சொல்லும்மா. அந்தப் பேப்பர கிழிச்சுப் போடு. ஆவணில கல்யாணம் வச்சுகினு இது தேவையா?" என்றாய். அன்றைக்குச் சாயங்காலமே ஜெயபால் வேறு யாருடைய நம்பரிலிருந்தோ கூப்பிட்டார். "டீச்சர், அந்தப் பேப்பர் எதுக்கு ஒங்களுக்கு, கிழிச்சுப் போட்டுடுங்க, ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். காலையில் என் பிள்ளை சொன்ன அதே வார்த்தை. அவர்மேல் வந்த கோபத்தைவிட உன்மேல் வந்த கோபம் அதிகம், உன்மேல் வந்ததைவிட என்மேல் வந்தது அதிகம். இரண்டு நாளாக அந்தத் தாளைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நேற்று ஒரு தடவை அடுப்பு வரைக்கும் கொண்டு போனேன். பொய் சொல்ல மாட்டேன், கொண்டு போனேன்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ரம்யா நல்ல பெண். அவள் அப்பா ராணுவக் கேம்ப்பில் வேலை பார்த்து ரிட்டையரானவர், நேர்கோட்டு மனுஷன். பெண் கேட்டுத் திருவேற்காட்டுக்குப் போனபோது, "எங்களுக்கு நகை நட்டு வோணாம், ஒழுக்கமான குடும்பமா இருந்தா போதும்" என்று சொன்னார். நான் அன்றைக்கு அவர் முன்னால் எவ்வளவு பெருமையாகத் தலையை ஆட்டினேன் தெரியுமா? அப்போது மல்லிகா அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சம்பந்தியம்மா மேல் கேஸ் என்றால் அவர் எழுந்து போய்விடலாம். உனக்கு அந்தப் பெண்மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். உன் கல்யாணம் நின்றால் நீ என்னை மன்னிக்க மாட்டாய் என்றும் தெரியும். மணி ஒன்பதரை ஆகிறது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் வரேன், தொணைக்கு" என்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். போவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும்.

மதியம் மூன்று மணி. வந்துவிட்டேன். கால் கழுவிவிட்டு நேராக இங்கேதான் உட்கார்ந்தேன்.

மல்லிகா அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சாப்ட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "யக்கா, அந்த டப்பாவுல மாத்திரையோட சேத்து சாப்டலாம்னு போட்டுகீதுன்னு படிச்சனே, அத எழுதினது நான்தான். டாக்டர் எழுதல, எவரும் எழுதல. நானா எழுதினது" என்றேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ நல்லாத்தான் எழுதுவ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்ட்டியா?" என்று மறுபடி கேட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிமிர்ந்தால் கதவருகே செல்வி நிற்கிறாள், கையில் கரண்டியோடு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் எழுந்து, "செல்வி" என்றேன். அவள் அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே போனேன். பைக்குள் கையை விட்டுத் தாள் இருக்கிறதா என்று ஸ்டாப்புக்கு ஸ்டாப் பார்த்தேன். அலுவலகத்தில் அரை மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, மறுபடி உட்கார்ந்து, அங்கே இருந்த பியூனே, "ஏம்மா சும்மா சும்மா எந்திரிக்கிறீங்க, கூப்பிடுவாங்க" என்று அதட்டிவிட்டார். ஆய்வாளர் ஒரு பெண். உன் வயசுகூட இருக்காது. அவள் கேட்கும் முன்பே தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் அதைப் பிரித்து, லேபிளைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டாள். நாங்கள் புரூஃப் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தாள். விரல் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது.

"இந்த வரி இந்தப் பேப்பர்ல இல்லையே. இத யார் சொல்லிப் போட்டீங்க?" என்றாள்.

நீ சொல்லிக் கொடுத்த பதில் என் நாக்கில் இருந்தது, தினேஷ். அவர் வாயால் சொன்னார், நான் அடித்தேன் என்றால் முடிந்தது. அவர் பேச்சை யார் நம்பப் போகிறார்கள், என் பேச்சைத்தான் நம்புவார்கள்.

"யாரும் சொல்லலம்மா. நானே போட்டது."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "யோசிச்சு சொல்லுங்கம்மா. இது எழுத்துல பதிவாகும்."

"பதிவாவட்டும்னுதாம்மா வந்துகீறேன்."

"ஏன் போட்டீங்க?"

"அவரு மாத்திரைய நிறுத்த சொல்லி எழுதிகினு வந்தாரு. நிறுத்தினா ஆபத்தாச்சேன்னு, நல்லதுன்னு நெனச்சி மாத்தினேன்."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. குனிந்து நிறைய எழுதினாள். எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினாள். லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், ஜெயபால் சொன்னது, நான் கேட்டது எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், "மேற்படி வரியை எவருடைய தூண்டுதலும் இன்றி, நல்லெண்ணத்துடன் நானே எழுதினேன்" என்று வாசித்தாள்.

"அந்த நல்லெண்ணத்தோடன்றத மட்டும் அடிச்சிடும்மா" என்றேன்.

"ஏம்மா? நீங்க சொன்னதுதானே. கோர்ட்ல உங்களுக்கு அது நல்லது, இருக்கட்டும்."

"உள்ள இன்னா கீதுன்னு அந்தாள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்மா. கேக்கல. கேட்டா கோச்சிகினு போயிடுவாரு, அப்பறம் யாரு என்னிய டீச்சர்னு கூப்புடுவான்னு கேக்கல. உள்ள கீறது தெரியாம மேல நல்ல வார்த்தயா ஒண்ணு ஒட்டிட்டேன். இப்ப திரும்ப அதே வேலைய ஒன் பேப்பர்ல செய்ய சொல்றியே. வோணாம். அடிச்சிடு."

அவள் அந்த ஒரு சொல்லின் மேல் கோடு போட்டு, ஓரத்தில் என்னைச் சுருக்கொப்பம் போடச் சொன்னாள். தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள். ஜெயபால் மேல் வழக்கு நிச்சயம், என்னைச் சாட்சியாகச் சேர்ப்பார்களா, குற்றவாளியாகச் சேர்ப்பார்களா என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள் என்றாள். வெளியே வந்து வெயிலில் நின்றேன். நிம்மதியாக இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. பயம்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஆகவே நீ கிழிக்கச் சொன்ன பேப்பர் இனி என்னிடம் இல்லை. அதைப் பற்றி நாம் சண்டை போட்டுப் பிரயோஜனமும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நான் திருவேற்காட்டுக்குப் போகிறேன். ரம்யாவையும் அவள் அப்பா அம்மாவையும் உட்கார வைத்து, இந்தக் கடிதத்தில் உனக்கு எழுதிய அத்தனையையும் சொல்லப் போகிறேன், ஒன்றையும் அழகுபடுத்தாமல். நீ சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்தால் நீயே சொல், நான் பக்கத்தில் இருக்கிறேன். வராவிட்டால் நான் சொல்கிறேன். நைனா, என்மேல் கோபப்படு, பேசாமல் இரு, எது வேண்டுமானாலும் செய். தெரியாமல் வந்து அந்தப் பெண் நம் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

அம்மா